கத்திரி வெட்டாமல் விட்ட காட்சி

உலகத்திலேயே முதன்முறையாக மீன் தொட்டிக்குள் கேமராவை வைத்துப் படம் எடுத்தவள் என் தங்கை மகள்தான். இதை நான் பல சபைகளில் அடித்துச் சொல்லியிருக்கிறேன். உலகம் என்பது கொஞ்சம் அதிகம் என்று எனக்கே தெரியும். எங்கள் தெருவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் யாராவது மூக்கைச் சுளித்தால் எங்கள் குடும்பத்தில் என்று குறைத்துக்கொள்வேன். அதற்குமேல் பேரம் கிடையாது.

அவளைத் தெருவில் எல்லாரும் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடிப்படி திரும்பும் இடத்தில் இருக்கும் கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் அவள் எடிட்டர். நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தை வெட்டி ஒட்டுவதுதான் பிழைப்பு. ஜன்னல் இல்லாத அறை, முனகும் ஃபேன், இரண்டு திரை, ஒரு சுழல் நாற்காலி. அந்த நாற்காலி சுழலாது. அதில் உட்கார்ந்துகொண்டு அவள் செய்த அற்புதங்களை எழுதினால் தனிப் புத்தகமாகும். கல்யாணம் முழுக்க உம்மென்று உட்கார்ந்திருந்த ஒரு மாப்பிள்ளை, யாரோ காலை மிதித்தபோது ஒரே ஒருமுறை பல்லைக் காட்டியிருக்கிறான். அந்தப் பல்லை எடுத்து வரவேற்பில் ஒரு இடம், மோதிரம் மாற்றும்போது ஒரு இடம், மாமியாரைப் பார்க்கும்போது ஒரு இடம் என்று பொருத்திவிட்டாள். அந்த மாமியார் இன்றுவரை, “எங்க மாப்பிள்ள மாதிரி சிரிச்ச முகம் எங்க கிடைக்கும்?” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

இவ்வளவு செய்தும் வீடியோவின் முடிவில் வருவது முதலாளியின் பெயர்தான். இரண்டு புறா பறக்கும், நடுவில் ஸ்டுடியோ பெயர் விரியும், அதன் கீழே அவர் பெயர் தங்க எழுத்தில் மின்னும். கத்திரியின் பெயர் எங்கும் இருக்காது. ஒருநாள் எனக்கே பொறுக்கவில்லை.

“ஏண்டி, ஊர்ல பாதிப் பேருக்குக் கல்யாணம் பண்ணி வச்சிருக்க. ஒரு மூலையில பொடி எழுத்துலயாவது உன் பேரப் போடக் கூடாதா?”

“கல்யாண வீட்டுல எடிட்டர் பேர யாரு பெரியம்மா பாக்குறாங்க? பொண்ணு பேரையே தப்பாப் போட்டாலும் ஒரு வாரம் கழிச்சுதான் கண்டுபிடிப்பாங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

“ஒரே ஒரு படம் பெரியம்மா. நானே எடுத்து, நானே வெட்டி, கடைசியில என் பேரு வரணும். திரை முழுக்க. புறா கிறா ஒண்ணும் வேணாம்.”

அந்தப் படம் கடைசியில் என் முழங்காலிலிருந்துதான் பிறந்தது. மருத்துவர் என் முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, தண்ணீருக்குள் கை கால் அசைத்தால் நல்லது என்றார். நகராட்சி நீச்சல் குளத்தில் காலையில் பெண்களுக்கென்று ஒரு நேரம் உண்டு. ஐம்பது தாண்டியவர்களுக்கு அதில் தனி வகுப்பு. கத்திரி வேலைக்குப் போகும் வழியில் என்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். நான் நீச்சல் பழகினேன் என்பதைவிடக் குளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளப் பழகினேன் என்பதே பொருத்தம். அந்தக் கலையில் என்னை மிஞ்ச அங்கே ஆளில்லை.

எங்களைப் பார்த்தால் யாருக்கும் படம் எடுக்கத் தோன்றாது. வழுக்கிவிடுமோ என்று பயந்து வாத்துப் போல நடந்து வரும் ஒரு கூட்டம். தலையில் இறுக்கமான ரப்பர் குல்லாய், அதனால் எல்லார் முகத்திலும் ஒரே ஆச்சரியம். கரையில் நிற்கும்வரை மருமகள், மாமியார், பக்கத்து வீடு, மேல் வீடு என்று யாரையும் விடமாட்டோம். தண்ணீரில் கால் வைத்ததும் பேச்சு நின்று, நேற்றுவரை முகம் பார்க்காதவர்கள் கூடக் கையைப் பிடித்துக்கொள்வோம். பெஞ்சில் உட்கார்ந்து இதையே பார்த்துக்கொண்டிருந்த கத்திரி, ஒரு காலையில் ஸ்டுடியோவில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கேமராவோடு வந்து நின்றாள்.

“என்னடி இது? இங்க எந்தப் பொண்ணுக்குக் கல்யாணம்?”

“உங்க எல்லாருக்கும்தான். தண்ணியோட.”

அப்படித்தான் தொடங்கியது. அவளுக்கு உதவிக்கு ஒரே ஆள், அவள் புருஷன். பெண்கள் நேரம் என்பதால் எங்கள் எல்லாரிடமும் சம்மதம் கேட்டுத்தான் அவரை உள்ளே விட்டார்கள். லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசமாட்டார். எதைக் கொடுத்தாலும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். தண்ணீரும் முகமும் ஒரே படத்தில் தெரிய வேண்டும் என்றாள் கத்திரி. வீட்டில் மீன்கள் செத்துப்போய்க் காலியாகக் கிடந்த கண்ணாடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார் மாப்பிள்ளை. அதைப் பாதி தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கேமராவை உள்ளே வைத்தால் மேலே பேசும் வாயும் தெரியும், கீழே உதைக்கும் காலும் தெரியும். வாயில் அத்தனை வீரம், கீழே கால் மட்டும் நடுங்கும். அந்தப் படங்களைப் பார்த்தபிறகு நான் யார் பேச்சையும் மேலோட்டமாக நம்புவதில்லை.

சத்தம்தான் பெரும் பாடு. சுற்றிலும் ஓடு பதித்த மண்டபம். ஒருத்தி தும்மினால் ஒன்பது பேர் தும்மியது போல எதிரொலிக்கும். துடைப்பக் கட்டையின் நுனியில் மைக்கைக் கட்டி, அதற்குக் குளியல் குல்லாய் மாட்டி, பேசுகிறவரின் வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்பார் மாப்பிள்ளை. நிதானமாகப் பேச வேண்டியவர்களை உடை மாற்றும் அறைக்கு அழைத்துப்போய், நாலு பக்கமும் துண்டுகளைத் தொங்கவிட்டு, நடுவில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பாள் கத்திரி. ஈரத் துண்டுகளுக்கு நடுவே ஒரு பெண்மணி உட்கார்ந்தால், வீட்டில் யாரிடமும் சொல்லாததை எல்லாம் தானாகச் சொல்லிவிடுகிறாள். நான் கூடச் சிலது சொன்னேன். அவற்றில் உண்மை எது என்று கத்திரிக்கே தெரியாததால் படத்தில் சேர்க்கவில்லை.

எங்கள் வகுப்பில் கேஷியரம்மா என்று ஒருவர் உண்டு. வங்கியில் காசாளர். கிழிந்த நோட்டோடு வந்தவனைப் பார்வையாலேயே வாசல்வரை தள்ளிக்கொண்டு போய்விடுவார். நீச்சலை எங்கள் எல்லாரையும்விடச் சீக்கிரம் கற்றுக்கொண்டார். அதன்பிறகு அவர் கண் குளத்தின் ஆழமான பக்கம் நிற்கும் உயரப் பலகையின் மேலேயே இருந்தது. இரும்பு ஏணி, அதன் உச்சியில் தண்ணீரை நோக்கி நீட்டிய பலகை. ஒருநாள் பயிற்சியாளரிடம் போய், “நான் அதுலேர்ந்து குதிக்கப் போறேன்” என்றார். எப்போதும் வாயில் விசிலோடு இருக்கும் அந்தப் பெண், விசிலை எடுத்துவிட்டு, “ஒருத்தர் ஏறி முடிச்ச பிறகுதான் அடுத்தவங்க ஏறணும், தெரியும்ல?” என்று மட்டும் சொன்னாள்.

தெரியும். ஆனாலும் கேஷியரம்மா ஏற ஆரம்பித்ததும் எங்களில் பாதிப் பேர் ஒரு வரிசையாகப் பின்னால் ஏறினோம், மீதிப் பேர் கரையில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். தைரியம் கொடுக்கத்தான் ஏறினோம் என்று அன்றும் சொன்னோம், இன்றும் சொல்கிறோம். அவர் நுனிக்குப் போய் நின்றார். கால் விரல்கள் பலகையின் விளிம்பைத் தாண்டி நின்றன. கீழே கத்திரி மூச்சுகூட விடாமல் கேமராவைப் பிடித்திருந்தாள். விசில் ஒலித்தது.

கேஷியரம்மா குதிக்கவில்லை. திரும்பி இறங்கிவிட்டார். அவருக்கு வழி விட்டு நாங்களும் இறங்கினோம். அன்றைக்குத் துணி மாற்றும் அறையில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இறங்கிய காட்சியைக் கத்திரி கணினியில் ‘வேஸ்ட்’ என்று பெயரிட்ட பெட்டிக்குள் தள்ளிவிட்டாள். கல்யாண வீடியோ வெட்டுகிறவர்களுக்கு அது பழக்கம். கொட்டாவி, தடுமாற்றம், முகம் கோணல், எல்லாம் அங்கேதான் போகும்.

இன்னொரு பழக்கமும் அவர்களுக்கு உண்டு. அதுதான் வினையாக வந்தது. கல்யாணம் முடிந்த வாரமே சின்னதாக ஒரு துண்டு வீடியோ செய்து அந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பளபளவென்று நல்ல நல்ல இடமாகப் பொறுக்கிச் சேர்த்தது. சொந்தக்காரர்கள் அதைப் போனில் சுற்றவிட்டுக்கொண்டிருக்கும்போது, முழு வீடியோவை நிதானமாக வெட்டுவார்கள். அங்கே அதனால் ஆபத்து கிடையாது. துண்டு முதலில் வந்தாலும் முழுசு முதலில் வந்தாலும், கடைசியில் அந்தப் பையன் அந்தப் பெண்ணைத்தான் கட்டியிருப்பான். முடிவு ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்று.

கத்திரி தன் படத்துக்கும் ட்ரெய்லரைத்தான் முதலில் வெட்டினாள். ரப்பர் குல்லாய்கள், நடுங்கும் கால்கள், ஓரத்தைப் பிடித்திருக்கும் என் பின்னந்தலை, ஏணியில் ஏறும் கேஷியரம்மா, விளிம்பில் கால் விரல்கள், விசில். சட்டென்று இருட்டு. அவ்வளவுதான்.

“அடுத்து என்னடி?” என்றேன் மூச்சு முட்ட. ஏணியில் பின்னாலேயே நின்றவள் நான், எனக்கே மறந்துவிட்டது.

“அதப் பாக்கத்தான் வருவாங்க பெரியம்மா!”

“அவங்கதான் குதிக்கலையே?”

“இன்னொரு நாள் குதிக்காமலா போயிடுவாங்க? எடுத்துச் சேத்துக்கலாம்.”

நூலகத்தின் மாடியில் ஒரு சின்ன அரங்கம் உண்டு. அங்கே மாதம் ஒரு ஆவணப்படம் போடுகிற குழுவின் செயலாளருக்கு இந்த ட்ரெய்லரை அனுப்பினாள். மனிதர் பார்த்தார். அன்றே கூப்பிட்டு ஒரு சனிக்கிழமையை ஒதுக்கிக் கொடுத்துவிட்டார். கத்திரி எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினாள். என்னைத் தூக்குவது சாதாரண காரியமில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அதே வாரம் குளத்தின் கதவில் அறிவிப்புப் பலகை தொங்கியது. ஓடுகள் பெயர்ந்துவிட்டன, தண்ணீரை வடித்துவிட்டுப் பழுது பார்க்கப் போகிறார்கள், மறு அறிவிப்பு வரும்வரை மூடல். போய் எட்டிப் பார்த்தோம். உயரப் பலகை அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. கீழே தண்ணீருக்குப் பதில் சிமென்ட் மூட்டைகள்.

இங்கே இப்படி இருக்க, செயலாளர் விளம்பரத்துக்கு அனுப்பிவைத்த ட்ரெய்லர் போன் போனாகத் தாவிக்கொண்டிருந்தது. ஒரு மாலை, கத்திரி வீட்டில் நாங்கள் மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் கேஷியரம்மா. வங்கியிலிருந்து நேராக வந்திருந்தார். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. உட்காரவும் இல்லை.

“இன்னிக்குக் கவுண்டர்ல எத்தன பேரு கேட்டாங்க தெரியுமா? ‘மேடம், குதிச்சீங்களா?’ பணம் கட்ட வர்றவனும் கேக்குறான், எடுக்க வர்றவனும் கேக்குறான். மேனேஜர் கேக்குறாரு. வாசல்ல நிக்கிற காவலாளி சல்யூட் அடிக்கிறான். நான் என்னன்னு சொல்லட்டும்?”

“அக்கா, அது வந்து...” என்றாள் கத்திரி.

“குதிச்சேன்னு சொன்னா பொய். குதிக்கலன்னு சொன்னா அவங்க மூஞ்சி விழுறதப் பாக்கணும். நான் பயந்தது என்னோட விஷயம்மா. அதக் கொண்டுபோய் ஊருக்கே விடுகதையாப் போட்டிருக்க.”

“தப்புதான்க்கா.”

“என்னைப் படத்துலேர்ந்து எடுத்துடு. நான் சம்மதிக்கல. வரேன்.”

டீ ஆறிப்போனது. மாப்பிள்ளை மட்டும் மெதுவாக, “நியாயமாத்தான் பேசிட்டுப் போறாங்க” என்றார். கத்திரி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் எழுந்துபோய் எதையோ கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் ஸ்டுடியோ முதலாளி விஷயத்தைக் கேட்டுவிட்டு, இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்பது போலக் கையை விரித்தாராம். “பக்கத்து ஊர்க் குளத்துல ஒரு ஆளக் குதிக்க விடு. முதுகுப் பக்கமா எடு. குல்லாய் போட்டா எல்லாம் ஒரே தலைதான். போன மாசம் பொண்ணோட அண்ணன் வரலன்னு டிரைவரக் கோட்டு மாட்டி நடக்க விடலையா?” நானும் என் பங்குக்கு, வேண்டுமானால் நானே குதிக்கிறேன் என்று முன்வந்தேன். சின்ன வயதில் ஆற்றுப் பாலத்திலிருந்து குதித்து முதலை ஒன்றை மிரள வைத்தவள் நான் என்றும் எடுத்துச் சொன்னேன். கத்திரி என் முழங்காலையும் பார்த்தாள், என் முகத்தையும் பார்த்தாள்.

“வேணாம் பெரியம்மா. கல்யாணத்துல டிரைவர் நடந்தா யாருக்கும் நஷ்டமில்ல. இது அவங்க நின்ன எடம். இன்னொருத்தரக் குதிக்க விட்டா, அவங்க பயந்தத நானே கேலி பண்ண மாதிரி ஆயிடும். அப்புறம் அதுக்குக் கீழ என் பேரு வேற.”

அப்படியானால் எடுத்துவிடுவதுதான் வழி. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன், கட்டில் ஓரத்தில் போட்டிருந்த மேசையில் உட்கார்ந்து கேஷியரம்மாவை ஒவ்வொரு இடமாகப் படத்திலிருந்து வெட்டினாள். வெட்டி முடித்து ஓட்டிப் பார்த்தால் பெருங்கூத்து. ஒரு கூட்டம் பெண்கள் கரையில் நின்று அண்ணாந்து வெறும் பலகையைப் பார்க்கிறார்கள். ஒருத்தி வாயைப் பொத்துகிறாள். இன்னொருத்தி கண்ணை மூடுகிறாள். மேலே ஒன்றுமே இல்லை. அவர் இல்லாமல் படத்துக்கு முதுகெலும்பு இல்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. திரை முழுக்க வர வேண்டிய பெயர் அப்படியே கரைந்துகொண்டிருந்தது.

அந்த ஓட்டையை அடைக்க வேறு ஏதாவது கிடைக்குமா என்று தேடித்தான் ‘வேஸ்ட்’ பெட்டியைத் திறந்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் எனக்குப் போன்.

“பெரியம்மா, உடனே வாங்க. அப்படியே வாங்க.”

அப்படியே போனேன். மாப்பிள்ளை ஏற்கெனவே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஓடவிட்டாள்.

கல்யாண வீடியோக்காரர்கள் எந்தச் சமயத்திலும் கேமராவை அணைக்க மாட்டார்கள். அந்தப் புண்ணியத்தில், விசில் அடித்த பிறகு நடந்தது முழுக்கப் பதிவாகியிருந்தது. மாப்பிள்ளை கீழே நின்று மைக்கை ஏணியோடு ஏணியாக மேல்நோக்கிப் பிடித்திருந்ததால் எங்கள் பேச்சும் ஒரு சொல் விடாமல் கேட்டது. கேஷியரம்மா விளிம்பில் நிற்கிறார். திரும்புகிறார். “என்னால முடியல” என்கிறார். அவர் இறங்க வேண்டுமானால் பின்னால் ஏணியில் தொங்கும் அத்தனை பேரும் முதலில் இறங்க வேண்டும். எங்களில் ஒருத்திக்கும் பின்பக்கமாக இறங்கத் தெரியாது. முட்டி மடங்காது. கீழே பார்த்தால் தலை சுற்றும்.

“யாரு கால் இது? என் கைய மிதிக்காதீங்க.”

“என்னோடதுதான். படி எங்க இருக்கு?”

“இன்னும் கொஞ்சம் கீழ. இருங்க, நான் பிடிச்சு வைக்கிறேன். இப்ப வைங்க.”

“அவங்க காலப் பிடிச்சா என் காலை யாரு பிடிக்கிறது?”

“நான் இருக்கேன். அசையாதீங்க. ஐயோ, குலுங்குறீங்களே!”

“சிரிப்பு வருது, என்ன பண்ண?”

ஒவ்வொருத்தியும் தான் ஒரு படி இறங்கி நின்று, தனக்கு மேலே இருப்பவளின் பாதத்தைக் கையில் வாங்கி, படியில் பதமாக வைக்கிறாள். சங்கிலித் தொடர்போல இந்தக் காரியம் கீழிருந்து மேலே நகர்கிறது. உச்சியில் கேஷியரம்மாவின் முகம் வெளுத்துப்போயிருக்கிறது. அடியில் இருந்து யாரோ, “கேஷியரம்மா, அடுத்த டோக்கன் நீங்கதான், வாங்க!” என்று கத்துகிறார்கள். அவர் சிரித்துவிடுகிறார். பலகையிலிருந்து முதல் காலைப் பின்னால் விடுகிறார். ஒரு கை வந்து அதைப் பிடித்துக்கொள்கிறது.

நாங்கள் மூன்று பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். கத்திரி துடைத்தபிறகும் அவளுக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

“இதப் போய் குப்பையில போட்டிருக்கேன் பாருங்க” என்றாள்.

அன்று ஸ்டுடியோவுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனாள். துணைக்கு நான். டோக்கன் எடுத்து, உட்கார்ந்து, முறை வந்ததும் கவுண்டருக்குப் போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேஷியரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“கட்டவா, எடுக்கவா?”

“காட்ட வந்திருக்கேன்க்கா. நீங்க வேணாம்னு சொன்னா இங்கயே அழிச்சிடுறேன்.”

சாப்பாட்டு இடைவேளையில் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தார். காதில் ஹெட்ஃபோன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நோட்டு எண்ணும்போது இருக்கும் அதே முகம். முடிந்ததும், “இன்னொரு தடவ போடு” என்றார். இரண்டாம் முறை பார்க்கும்போது உதடு துடித்தது. எதற்காக என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“என் முதல் காலப் பிடிச்சது யாரு?”

“பெரியம்மாதான்.”

“இவங்களா? இவங்க கண்ண இறுக்க மூடிட்டில்ல இருந்தாங்க?”

“மூடிட்டுதான் பிடிச்சேன்” என்றேன் நான். அது பொய்யில்லை.

கேஷியரம்மா ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “அன்னிக்கு வீட்டுக்குப் போயி ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. தோத்துட்டேன்னு நெனச்சேன். இப்படி இருந்ததுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. நான் கீழ பாக்கவே இல்லையே!” நிமிர்ந்து கத்திரியைப் பார்த்தார். “இத முழுசாக் காட்டுவியா? எங்கயும் வெட்டாம?”

“ஒரு இடத்துலகூட வெட்ட மாட்டேன்க்கா.”

“பின்னாடி வயலின் கியலின் போடுவியா?”

“போட மாட்டேன்.”

“சரி. ஆனா அந்த முதல் ட்ரெய்லர் பொய். அதுக்கு என்ன பண்ணப் போற?”

“எல்லார் போன்லயும் போயிடுச்சேக்கா. திருப்பி வாங்க முடியாது.”

“அப்ப இன்னொண்ணு போடு. நான் பேசுறேன்.”

அந்த இரண்டாம் ட்ரெய்லர்தான் ஊரைக் கலக்கியது. கத்திரி வீட்டுக் கட்டிலைச் சுற்றித் துண்டுகளைக் கட்டி, நடுவில் ஒரு நாற்காலி போட்டு, கேஷியரம்மாவை வங்கிக்குப் போகும் உடையிலேயே உட்காரவைத்தாள். ஒரே தடவையில் பேசி முடித்துவிட்டார். அதில் கத்திரி வெட்டியது ஒன்றுமில்லை.

“அந்தப் பலகையில நின்ன பொம்பள நான்தான். நான் குதிக்கல. பயந்துட்டேன், இறங்கிட்டேன். ஏறினத எல்லாரும் பாத்துட்டீங்க. எப்படி இறங்கினேன்னு பாக்கணும்னா சனிக்கிழமை நூலகத்துக்கு வாங்க. வர்றவங்க அதுக்கப்புறம் கவுண்டர்ல நின்னு கேள்வி கேக்கக் கூடாது. பின்னாடி வரிசை நிக்கும்.”

செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டு போன் செய்தார். “என்னம்மா இது? முடிவ ட்ரெய்லர்லயே சொல்லிட்டா யாரு வருவா? இப்படி ஒரு ட்ரெய்லர நான் பாத்ததே இல்ல!”

“நானும்தான் சார்” என்றாள் கத்திரி. குரல் தைரியமாகத்தான் இருந்தது. மீன் தொட்டி வைத்துப் பார்த்திருந்தால் கீழே கால் எப்படி இருந்தது என்று தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை வந்தது. நான் இதுவரை சொன்னதில் எங்காவது கொஞ்சம் கூட்டியிருந்தாலும், இனி சொல்வதில் கூட்டவில்லை. ரப்பர் குல்லாய்க் கூட்டம் முழுக்க வீட்டாரோடு வந்திருந்தது. வங்கியிலிருந்து மேனேஜர், காவலாளி, பெயர் தெரியாத வாடிக்கையாளர்கள். விசில் பெண் விசில் இல்லாமல் வந்ததால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அந்தச் சிரித்த முக மாப்பிள்ளையின் மாமியார் கூட எங்கிருந்தோ கேள்விப்பட்டு வந்துவிட்டாள். ஸ்டுடியோ முதலாளி கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தார்.

விளக்கு அணைந்தது. தண்ணீருக்குள் நடுங்கும் கால்கள் தெரிந்ததுமே சிரிப்பு தொடங்கிவிட்டது. ஈரத் துண்டுகளுக்கு நடுவே ஒருத்தி, “எனக்காக ஒரு மணி நேரம் ஒதுக்குனது இதுதான் முதல் தடவ” என்று சொன்னபோது சிரிப்பு நின்றது. அப்புறம் ஏணி வந்தது. கேஷியரம்மா விளிம்பில் நின்றார். குதிக்க மாட்டார் என்று அரங்கத்தில் அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு மூச்சுச் சத்தம் கிடையாது. அவர் திரும்பினார். அதன்பிறகு ஒரு வெட்டும் இல்லாமல், ஒரு துளி இசை இல்லாமல், கால் காலாக, படி படியாக அந்த இறக்கம். “யாரு கால் இது?” என்றதும் அரங்கம் வெடித்தது. “அடுத்த டோக்கன் நீங்கதான்” என்றதும் வங்கிக்காரர்கள் துள்ளினார்கள். கடைசியாகக் கேஷியரம்மாவின் பாதம் ஈரத் தரையைத் தொட்டபோது, திரையில் இருந்த நாங்கள் கைதட்டினோம். அரங்கத்தில் இருந்தவர்களும் தட்டினார்கள். எந்தச் சத்தம் படத்தினுடையது, எது வெளியே என்று பிரிக்க முடியவில்லை.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கேஷியரம்மா என் பக்கம் சாய்ந்து, “குதிச்சிருந்தா இவ்வளவு நல்லா இருந்திருக்காது, இல்ல?” என்று என் காதில் கேட்டார். ஜம்பமாகத்தான் கேட்டார்.

திரை கறுப்பானது. கறுப்பின் நடுவே வெள்ளை எழுத்தில் கத்திரியின் பெயர் வந்தது. அவள் அம்மா வைத்த முழுப் பெயர், திரை முழுக்க, புறா இல்லாமல். முதலாளி அதைச் சத்தமாக ஒருமுறை படித்தார். இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தவருக்கு அந்தப் பெயர் அன்றுதான் வாயில் வந்தது. கத்திரி கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, அந்தப் பெயர் மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். செயலாளர் வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கியது கூட அவளுக்குத் தெரியவில்லை. ஒட்டுமொத்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டியது.

இதுவரை எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினேன். என் வீட்டு ஃபேனைக் கழற்றித் தரையில் பரப்பி உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, திருப்புளியைக் கீழே வைத்தார்.

“அத்தை, அந்தக் கடைசி வரி தப்பு. யாரும் எழுந்து நிக்கல. கதவு பக்கத்துல நான்தான நின்னேன்? நாற்காலி தீந்துபோயி பாதிப் பேரு படம் ஆரம்பிச்சதுலேர்ந்தே நின்னுட்டுதான் இருந்தாங்க. உக்காந்திருந்த மீதிப் பேருக்கு எழுந்திருக்க எடமே இல்ல.”